கைபேசியிலிருந்து தீர்மானப் பதிவேடு வரை: கிராம சபையில் மக்கள் பங்கேற்பை வளர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டின் ஊராட்சிகள் பலவற்றில் இன்று ஊரின் பெயரிலேயே ஒரு வாட்ஸ்அப் குழுவாவது இயங்குகிறது. தெருவிளக்கு எரியவில்லை, மேல்நிலைத் தொட்டி கழுவப்படவில்லை, போட்ட சாலை அதற்குள் பெயர்ந்துவிட்டது என்ற செய்திகள் படங்களோடு அங்கே வருகின்றன. பலர் கோபப்படுகிறார்கள், சிலர் ஆமோதிக்கிறார்கள், இரண்டு நாட்களில் அந்தச் செய்தி நூறு செய்திகளுக்கு மேலே போய்விடுகிறது. அதே ஊரில் கிராம சபை கூடும் நாளில் குழுவில் மிகுதியாகப் பேசியவர்களைக் காண்பது அரிதாக இருக்கிறது. இந்த இடைவெளியைக் குறைப்பதே இந்த வழிகாட்டியின் நோக்கம்.

அடிப்படையான கருத்து ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தச் செயலிக்கும் ஓர் ஊரின் பெயரால் தீர்மானம் நிறைவேற்றும் அதிகாரம் கிடையாது. கிராம சபைக்கு அது உண்டு. ஆகவே மின்னணுத் தளங்களைக் கூட்டத்துக்கு மாற்றாகக் கருதாமல், கூட்டத்துக்கு முந்தைய ஆயத்தத்துக்கும் பிந்தைய பின்தொடர்தலுக்கும் உரிய கருவிகளாகக் கருத வேண்டும். குழுவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை வைத்து வெற்றியை அளக்கக் கூடாது. குழுவில் எழுந்த கோரிக்கைகளில் எத்தனை தீர்மானப் பதிவேட்டில் ஏறின, அவற்றில் எத்தனை வேலையாக முடிந்தன என்பதே சரியான அளவுகோல்.

இதை எழுதும்போது என் மனத்தில் இருப்பவர்கள் ஊரில் இருக்கும் இளைஞர்கள், மகளிர் சுய உதவிக் குழுப் பொறுப்பாளர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஆகியோர். நான்கைந்து பேர் சேர்ந்தால் போதும். பணம் அதிகம் தேவையில்லை.

முதல் படி: கூட்டத்தின் சட்ட வலிமையைத் தெரிந்துகொள்ளுதல்

1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் கிராம சபையை அரசியலமைப்பின் ஓர் உறுப்பாக்கியது. அதன்படி ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். இதற்கென்று யாரும் யாரையும் உறுப்பினராகச் சேர்க்க வேண்டியதில்லை, நீக்கவும் முடியாது. தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம் இதற்கு உருவம் தந்தது.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களில் நடந்துவந்த கூட்டங்களோடு, 2022ஆம் ஆண்டில் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சி நாளான நவம்பர் 1 ஆகியவையும் சேர்க்கப்பட்டு ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள் ஆயின. தேர்தல் நடத்தை விதிகள் நடைமுறையில் இருக்கும் காலத்திலும், பேரிடர்க் காலத்திலும் நாள் மாறலாம் என்பதால், மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பை ஒவ்வொரு முறையும் பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

கூட்டம் நடக்க வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆட்களின் எண்ணிக்கையான குறைவெண் வரம்பும் முக்கியமானது. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். உங்கள் ஊராட்சிக்கு உரிய எண் எது என்பதைக் குழுவினர் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அழைப்புப் பணியின் இலக்கே அந்த எண்தான்.

கிராம சபைத் தீர்மானத்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு மதுரை மாவட்டத்தின் அரிட்டாபட்டியைக் காட்டலாம். 2024 நவம்பரில் அப்பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் முடிந்த செய்தி வெளியானதும், சுற்றுவட்டார ஊராட்சிகள் அந்த மாதக் கிராம சபைகளிலேயே எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றின. டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் இயற்றியது. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. போராட்டமும் நடைபயணமும் இல்லாமல் அந்த வெற்றி வந்திருக்காது. ஆயினும் அந்தப் போராட்டத்துக்கு ஊரின் ஒப்புதல் இருக்கிறது என்பதற்கு எழுத்து ஆதாரமாக நின்றவை அந்தத் தீர்மானங்களே.

28 மாவட்டங்களில் 2025 ஜனவரியில் ஊராட்சித் தலைவர்கள், வார்டு உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலத்தில் மக்கள் நேரடியாகக் கணக்குக் கேட்கும் ஒரே இடம் கிராம சபைதான் என்பதால், அத்தகைய காலத்தில் இந்தப் பணியின் தேவை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

இரண்டாம் படி: யாரிடம் கைபேசி இல்லை என்று கணக்கெடுத்தல்

பலர் குழு தொடங்குவதில் ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன்பே குழுவுக்குள் வர முடியாதவர்கள் யார் என்று எழுதிக்கொள்வது அவசியம். 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் குறைவானவர்களே ஒருமுறையேனும் இணையத்தைப் பயன்படுத்தியிருந்தார்கள். அதன்பிறகு நிலை மாறியிருக்கும் என்றாலும், வீட்டில் ஒரே திறன்பேசி இருந்து அது கணவரிடமோ மகனிடமோ இருக்கும் நிலை இன்னும் பரவலாக இருக்கிறது. வயதானவர்கள், எழுத்தறிவு இல்லாதவர்கள், ஊருக்கு வெளியே தோட்டத்திலும் சூளையிலும் தங்கி வேலை செய்பவர்கள் ஆகியோரும் விடுபடுகிறார்கள்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் ஒன்று உண்டு. சென்னையிலும் திருப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை செய்யும் ஊர்க்காரர்களுக்கு நேரமும் இணையமும் இருப்பதால் குழுவில் அவர்கள் குரலே ஓங்குகிறது. ஊரில் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருக்கும் பெண்ணின் குரல் அங்கே வருவதே இல்லை. வெளியூரில் இருப்பவர்களின் அக்கறை உண்மையானது. அவர்களுக்குக் கணக்குகளைப் படித்தல், மனு எழுதுதல், வரைபடம் தயாரித்தல் போன்ற வேலைகளைக் கொடுங்கள். எந்தத் தேவை முதலில் என்று முடிவு செய்யும் உரிமையை ஊரில் வாழ்பவர்களுக்கே விட்டுவிடுங்கள்.

செய்ய வேண்டியது எளிது. ஒரு குறிப்பேட்டில் தெருத் தெருவாக வீடுகளை எழுதி, ஒவ்வொரு வீட்டிலும் திறன்பேசி இருக்கிறதா, பெண்கள் கையில் எடுத்துப் பயன்படுத்துகிறார்களா, செய்தியை எழுத்தாகப் படிப்பார்களா, குரலாகக் கேட்பார்களா என்று குறித்துக்கொள்ளுங்கள். திறன்பேசி இல்லாத ஒவ்வொரு பத்து வீட்டுக்கும், செய்தியை நேரில் போய்ச் சொல்ல ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். அவர் அதே தெருவைச் சேர்ந்தவராக இருந்தால் நல்லது. இந்தக் குறிப்பேடு இல்லாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாம் படி: அறிவிப்பையும் விவாதத்தையும் பிரித்து அமைத்தல்

முன்பு ஊர்களில் கூட்டச் செய்தி தண்டோரா மூலம் அறிவிக்கப்பட்டது. அந்த வேலை குறிப்பிட்ட சாதியினர் மீது சுமத்தப்பட்ட இழிவாகத் தொடர்ந்ததால், 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு அதைத் தடை செய்து, ஒலிபெருக்கி கட்டிய வாகனங்கள் மூலம் அறிவிக்குமாறு உத்தரவிட்டது. நல்ல முடிவு அது. புதிய அறிவிப்பு முறையை அமைக்கும் நாமும் பழைய பாகுபாட்டைப் புதிய கருவிக்குள் கொண்டுவந்துவிடக் கூடாது. ஒரு சாதியின் பெயரில் இயங்கும் குழுவிலோ, ஒரு கட்சியின் கிளைக் குழுவிலோ கிராம சபை அறிவிப்பைப் போட்டுவிட்டு ஊருக்குச் சொல்லிவிட்டோம் என்று இருந்துவிடுவது பட்டியல் சமூகக் குடியிருப்பை மறுபடியும் வெளியே நிறுத்துவதாகும். புதிதாக ஒரு பொதுக் குழுவைத் தொடங்கி, ஒவ்வொரு குடியிருப்பிலிருந்தும் குறைந்தது ஒருவரை, அவர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்கும்படி, நிர்வாகிகளாக்குங்கள்.

வாட்ஸ்அப்பில் ஒரு குழுவில் 1,024 பேர் வரை இருக்கலாம். நடுத்தர அளவுள்ள ஊராட்சிக்கு இது போதும். நிர்வாகிகள் மட்டும் செய்தி இடும்படி அமைத்த அறிவிப்புக் குழு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அதில் வாரத்துக்கு இரண்டு மூன்று செய்திகளுக்கு மேல் வரக் கூடாது. காலை வணக்கமும், கட்சித் தலைவர்களின் பிறந்தநாள் வாழ்த்தும், திருமணப் பதாகைகளும் வர இடமில்லாத அந்தக் குழுவை மக்கள் ஒலியடக்கம் செய்ய மாட்டார்கள். விவாதத்துக்கு வார்டு வாரியாகச் சிறு குழுக்களை வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது ஐம்பது பேர் கொண்ட, ஒருவரையொருவர் முகம் அறிந்த குழுவில் பேச்சு நாகரிகமாக இருக்கும். தவறான செய்தி வந்தாலும் உடனே மறுக்க ஆள் இருப்பார்கள்.

கூட்டத்துக்கு ஏழு நாட்களுக்கு முன்பே அறிவிப்புத் தரப்பட வேண்டும் என்பது விதி. அறிவிப்பும் கூட்டப் பொருளும் வந்தவுடன் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்ட தாளைப் படமெடுத்துப் போடுங்கள்; அதோடு நின்றுவிடாமல், அதில் உள்ளவற்றை ஒரு நிமிடக் குரல் பதிவாகவும் அனுப்புங்கள். எழுத்துச் செய்தி இப்படி இருக்கலாம்:

“வணக்கம். நமது ஊராட்சியின் கிராம சபைக் கூட்டம் அக்டோபர் 2 காலை 11 மணிக்குத் தொடக்கப் பள்ளி வளாகத்தில் நடைபெறும். இந்த முறை குடிநீர்க் குழாய் நீட்டிப்பும், அடுத்த ஆண்டுக்கான வளர்ச்சித் திட்டமும் பேசப்படும். உங்கள் தெருவின் கோரிக்கையைச் செப்டம்பர் 25க்குள் வார்டுப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். கூட்டம் நடக்க 200 பேர் வர வேண்டும். வரும்போது பக்கத்து வீட்டில் ஒருவரையும் அழைத்து வாருங்கள்.”

நாள், நேரம், இடம், பொருள், கடைசித் தேதி, எத்தனை பேர் தேவை என்ற ஆறும் அதில் இருக்கின்றன. ‘அனைவரும் திரண்டு வாரீர்’ என்ற அழைப்பை விட இது பயன் தரும்; தன் வருகையால் என்ன நடக்கும் என்று தெரிந்தவரே ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வருவார்.

நான்காம் படி: கணக்குகளை முன்கூட்டியே படித்தல்

வெறும் புகாரோடு கூட்டத்துக்கு வருபவரை அலுவலர்கள் எளிதில் சமாதானப்படுத்தி அனுப்பிவிடுவார்கள். எண்ணோடு வருபவரை அவ்வாறு அனுப்ப முடியாது. அந்த எண்கள் பெரும்பாலும் பொதுவெளியிலேயே கிடைக்கின்றன என்பது பலருக்குத் தெரிவதில்லை.

ஒன்றிய ஊராட்சி அமைச்சகத்தின் இகிராம்ஸ்வராஜ் தளம் 2020 ஏப்ரல் 24 முதல் இயங்குகிறது. ஊராட்சிகளின் ஆண்டுத் திட்டமும், நிதிக் குழு மானியத்தின் வரவு செலவும் அதில் பதிவாகின்றன. பயனர் கணக்கு இல்லாமலேயே பொது அறிக்கைகள் பகுதிக்குச் சென்று மாநிலம், மாவட்டம், ஊராட்சி ஒன்றியம், ஊராட்சி, நிதியாண்டு என்ற வரிசையில் தேர்ந்தெடுத்தால் உங்கள் ஊரின் பக்கம் வரும். ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்துக்கோவை நாம் நினைப்பதுபோல் இருக்காது. ஒருமுறை கண்டுபிடித்ததும், ஊராட்சிக்கு உரிய உள்ளாட்சிக் குறியீட்டு எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டால் பிறகு தேடுவது எளிது. இதே விவரங்களைக் கைபேசியில் பார்க்க ‘மேரி பஞ்சாயத்’ என்ற செயலியும் உண்டு.

முதலில் ஒப்புதல் பெற்ற ஆண்டுத் திட்டத்தைத் திறந்து, அதில் உள்ள வேலைகளின் பெயர், இடம், மதிப்பீடு ஆகியவற்றைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு செலவுச் சீட்டுகளின் பட்டியலைத் திறந்து, எந்த வேலைக்கு எந்த நாளில் எவ்வளவு வழங்கப்பட்டது என்று பக்கத்தில் எழுதுங்கள். மூன்றாவதாக, அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய் வேலை நடந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த மூன்றாவது வேலையைச் செய்யாமல், தளத்தில் கண்டதைப் படமெடுத்து ‘ஊழல்’ என்று குழுவில் போடுவது பெரும் தவறு. ஒரு வேலையின் பெயர் தவறாகப் பதிவாகியிருக்கலாம். வேறு தெருவில் அதே பணத்தில் வேலை முடிந்திருக்கலாம். பணம் இன்னும் வழங்கப்படாமல் திட்டத்தில் மட்டும் இருக்கலாம். ஊராட்சி செயலரிடம் நேரில் ஒருமுறை கேட்டுவிட்டுப் பிறகு கூட்டத்தில் கேள்வியாக எழுப்புங்கள். நேர்மையான செயலர் ஒருவரை ஊர்முன் தவறாகக் குற்றம்சாட்டிவிட்டால் அதன் பிறகு அவர் எந்தத் தகவலையும் மனமுவந்து தர மாட்டார்.

நிதியின் தன்மையையும் புரிந்துகொள்ள வேண்டும். 15ஆவது நிதிக் குழு 2021 முதல் 2026 வரையான காலத்துக்குத் தந்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீர், துப்புரவு ஆகியவற்றுக்கு என்று கட்டுண்டது. மீதி 40 விழுக்காடு ஊரின் தேவைக்கேற்பச் செலவிடக்கூடியது. குடிநீருக்கான பணத்தில் ஏன் சாலை போடவில்லை என்று கேட்டுக் கூட்ட நேரத்தை வீணாக்காமல், கட்டுறாத பகுதி எவ்வளவு, அது எதற்குச் செலவானது என்று கேட்பதே கூர்மையான கேள்வி. எல்லாக் கணக்கும் இந்த ஒரே தளத்தில் இருக்கும் என்று எண்ணிவிடவும் வேண்டாம். வீட்டு வரி போன்ற ஊராட்சியின் சொந்த வருவாய், மாநில அரசின் மானியம் ஆகியவற்றுக்கு ஊராட்சி அலுவலகப் பதிவேடுகளையே பார்க்க வேண்டியிருக்கும்.

படித்ததை மக்களுக்குத் தரும்போது ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில், தமிழில் தாருங்கள். வந்த பணம், செலவான பணம், முடிந்த வேலை, முடியாத வேலை என்ற நான்கு மட்டும் அதில் போதும். அதைக் கைபேசியில் அனுப்புவதோடு, அச்சிட்டுத் தேநீர்க் கடையிலும் நியாயவிலைக் கடையிலும் அங்கன்வாடியிலும் ஒட்டுங்கள்.

ஐந்தாம் படி: கோரிக்கைகளைத் திரட்டி வரிசைப்படுத்துதல்

கூகுள் படிவம் ஒன்றில் ஐந்து கேள்விகளுக்கு மேல் வேண்டாம்: தெரு, சிக்கல் என்ன, எத்தனை வீடுகளுக்குப் பாதிப்பு, எத்தனை காலமாக, படம் இருந்தால் இணைக்கவும். இணைய வசதி குறைந்த குடியிருப்புகளுக்குச் செல்லும் தன்னார்வலர்கள், இணையம் இல்லாமலே விவரங்களைச் சேமித்துப் பிறகு அனுப்ப வழிசெய்யும் கோபோ டூல்பாக்ஸ் போன்ற இலவசக் கருவியைப் பயன்படுத்தலாம். எழுதத் தயங்குபவர்கள் குரல் பதிவு அனுப்பட்டும்; ஒருவர் அதைக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். இரண்டாம் படியில் தயாரித்த குறிப்பேடு இங்கே மறுபடியும் உதவும்: எந்தத் தெருவிலிருந்து ஒரு கோரிக்கைகூட வரவில்லை என்று பார்த்து, அங்கே நேரில் செல்லுங்கள். கோரிக்கை வராத தெருவில் குறையே இல்லை என்று பொருளாகாது.

மகளிர் சுய உதவிக் குழுக்களின் வாரக் கூட்டம் இதற்கு மிகச் சிறந்த களம். ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு, தன் உறுப்பினர்களின் தேவைகளைத் தொகுத்துக் கிராம வறுமை ஒழிப்புத் திட்டம் ஒன்றைத் தயாரித்துக் கிராம சபையில் வைக்க ஏற்கெனவே வழி இருக்கிறது. அந்தக் கூட்டமைப்பின் பொறுப்பாளர்களை உங்கள் குழுவில் சேர்த்துக்கொண்டால், இரண்டு பட்டியல்கள் மோதாமல் ஒரே பட்டியலாகும். பெண்களின் வருகையும் உறுதிப்படும்.

பட்டியல் கிடைத்ததும் ஒன்றுபோல் இருப்பவற்றை இணைக்க வேண்டும். ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டின் மாநகராட்சி 2015இல் ‘டிசைட் மாட்ரிட்’ என்ற தளத்தைத் தொடங்கி, எந்தக் குடிமகனும் யோசனை சொல்லலாம், 16 வயதுக்கு மேற்பட்டோரில் ஒரு விழுக்காட்டினர் ஆதரித்தால் அது வாக்கெடுப்புக்கு வரும் என்று அறிவித்தது. யோசனைகள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. ஆனால் அவற்றில் 2017 பிப்ரவரி வாக்கெடுப்புக்கு வந்து சேர்ந்தவை இரண்டே. ஒரே எண்ணம் பல தனித்தனி யோசனைகளாகச் சிதறும்போது எதற்கும் போதிய ஆதரவு சேர்வதில்லை. ஊரிலும் இதே நிலைதான்: ‘எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை’ என்ற எட்டுக் கோரிக்கைகளைத் தனித்தனியாக வைப்பதைவிட, அந்த எட்டுத் தெருக்களுக்கும் சேர்த்துக் குழாய் நீட்டிப்பு, அழுத்தக் குறைவு என்று காரணத்தை ஆராய்ந்து ஒரே கோரிக்கையாக்குவது வலுவானது.

கருத்து வேறுபாடு உள்ள பொருள்களில் இன்னொரு நாட்டின் அனுபவம் உதவும். தைவானில் ‘வி-தைவான்’ (vTaiwan) என்ற குடிமக்கள் முயற்சி 2015இல் ஊபர் வாடகைக் கார்களை ஒழுங்குபடுத்துவது பற்றிய விவாதத்தை நடத்தியபோது, ‘போலிஸ்’ (Polis) என்ற இணையக் கருத்தறியும் தளத்தைப் பயன்படுத்தியது. அதில் ஒருவர் சொன்ன கருத்துக்கு ஏற்கிறேன், மறுக்கிறேன், கடந்து செல்கிறேன் என்று மட்டுமே சொல்ல முடியும். பதில் எழுத முடியாது. பதில் எழுத இடமில்லாததால் சண்டை வளரவில்லை. எதிரெதிர் தரப்பினரும் ஏற்கும் கருத்துகள் வெளிப்பட்டன. வாட்ஸ்அப்பில் உள்ள வாக்கெடுப்பு வசதியைக் கொண்டே இதைச் சிறிய அளவில் செய்யலாம்: ‘சமுதாயக் கூடம் எங்கே கட்டலாம்?’ என்று திறந்த கேள்வியாக விட்டு வாக்குவாதத்தை வளர்க்காமல், மூன்று இடங்களைக் குறிப்பிட்டு ஒவ்வொன்றையும் ஏற்கிறீர்களா என்று தனித்தனியாகக் கேளுங்கள். இந்த வாக்கெடுப்பு ஊரின் மனநிலையை அறிய மட்டுமே. முடிவு கிராம சபையில்தான் என்பதைக் கேள்வியின் கீழேயே எழுதிவிடுங்கள்.

ஆறாம் படி: கோரிக்கையைத் தீர்மான மொழியில் எழுதுதல்

குழுவில் நெடுநாள் பேசிய கோரிக்கை பதிவேட்டில் ‘குடிநீர் வசதி பற்றி விவாதிக்கப்பட்டது’ என்ற ஒற்றை வரியாகச் சுருங்கிவிடுவதை நாம் தடுக்க வேண்டும். தீர்மானத்தின் வாசகத்தை நாமே எழுதிக்கொண்டு போனால் இது நடக்காது. ஒரு மாதிரி:

“வடக்குத் தெரு, புதுத் தெரு ஆகியவற்றில் உள்ள 46 வீடுகளுக்குக் குடிநீர் இணைப்பு இல்லாததால், மேல்நிலைத் தொட்டியிலிருந்து அத்தெருக்களுக்குக் குழாய் நீட்டிக்கும் பணியை அடுத்த நிதியாண்டின் ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் முதல் முன்னுரிமையாகச் சேர்ப்பதென்றும், பணிக்கான மதிப்பீட்டைத் தயாரித்து அடுத்த கிராம சபையில் வைப்பதென்றும் இக்கிராம சபை தீர்மானிக்கிறது.”

இடம், பயனாளிகள் எண்ணிக்கை, செய்ய வேண்டிய செயல், அது எப்போது ஊருக்குத் திரும்பி வர வேண்டும் என்பவை இதில் தெளிவாக உள்ளன. ஒரு கூட்டத்துக்கு இப்படி மூன்று முதல் ஐந்து தீர்மானங்களே போதும். முப்பது கோரிக்கைகளைக் கொண்டுபோனால் ஒன்றும் நிறைவேறாது. மற்றவற்றை மனுவாக எழுதிக் கொடுத்து ஒப்புகை பெறலாம். அக்டோபர் 2 கூட்டத்தைத் தவறவிட வேண்டாம் என்று தனியாகவே வலியுறுத்துகிறேன்: ஊராட்சிகளின் அடுத்த ஆண்டுத் திட்டத்தைத் தயாரிப்பதற்கான மக்கள் திட்ட இயக்கம் 2018 முதல் அந்த நாளை ஒட்டியே தொடங்குகிறது, அடுத்த ஆண்டுக்கான திட்டத்தில் உங்கள் கோரிக்கை ஏறுவதற்கு ஏற்ற காலம் அதுவே.

ஏழாம் படி: கூட்ட நாள்

முந்தைய நாள் மாலை நினைவூட்டல் ஒன்று, காலையில் ஒன்று. அதற்கு மேல் வேண்டாம். கூட்டத்தில் ஒவ்வொரு தீர்மானத்தையும் அதனால் பயன்பெறும் தெருவைச் சேர்ந்தவரே, இயன்றால் பெண்ணே, எழுந்து வாசிக்கட்டும். குழுவின் நிர்வாகிகளே எல்லாவற்றையும் பேசினால் அது ஒரு சங்கத்தின் கூட்டமாக மாறிவிடும். கூட்டத்தைப் பார்வையிட வரும் பற்றாளரின் பெயரையும் பதவியையும் குறித்துக்கொள்ளுங்கள். காணொளி எடுப்பதாக இருந்தால் தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டு எடுங்கள்; தன் குடும்பத் துயரைச் சொல்ல எழுந்த ஒருவர் கேமராவைப் பார்த்து உட்கார்ந்துவிடக் கூடும் என்பதால், மேடையை மட்டும் படமெடுப்பது நல்லது.

கூட்டம் கலைவதற்கு முன் தீர்மானங்கள் பதிவேட்டில் எழுதப்பட்டு வாசிக்கப்பட வேண்டும் என்று பணிவோடும் உறுதியோடும் கேளுங்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசு அறிமுகப்படுத்திய ‘சபாசார்’ என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி, கூட்ட ஒலிப்பதிவிலிருந்து நடவடிக்கைக் குறிப்பைத் தானே தயாரிக்கிறது. உங்கள் ஊரில் அது பயன்படுத்தப்பட்டால், ஒரே நேரத்தில் பலர் பேசிய பகுதிகளும் வட்டார வழக்கும் சரியாகப் பதிவாகியுள்ளனவா என்று பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எட்டாம் படி: பின்தொடர்தல்

பெரும்பாலான முயற்சிகள் கூட்டம் முடிந்த மறுநாள் நின்றுபோகின்றன. மக்கள் மறுமுறை வருவார்களா என்பதை முடிவு செய்வது இந்தப் படிதான். தன் கோரிக்கை என்ன ஆனது என்று யாருமே சொல்லாத கூட்டத்துக்கு ஒருவர் எதற்காக மீண்டும் வர வேண்டும்?

கூகுள் விரிதாளில் ஒரு பட்டியல் தொடங்கி, தீர்மானம், நிறைவேறிய நாள், பொறுப்பான அலுவலகம், அனுப்பிய மனு எண், இப்போதைய நிலை, கடைசியாக விசாரித்த நாள் என்ற பத்திகளை இடுங்கள். யாரும் பார்க்கலாம், இருவர் மட்டுமே திருத்தலாம் என்று அமையுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு அன்று அதன் சுருக்கத்தை அறிவிப்புக் குழுவில் இடுங்கள். ‘இந்த மாதம் முன்னேற்றம் எதுவும் இல்லை’ என்பதும் செய்திதான். அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஒரு தீர்மானத்தின் மேல் மூன்று மாதங்களாக நடவடிக்கை இல்லையென்றால், முதலில் கிராம ஊராட்சிகளுக்கான வட்டார வளர்ச்சி அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். அடுத்து, முதலமைச்சரின் உதவி மையத்தை 1100 என்ற எண்ணில் அழைத்தோ, அதன் இணையதளத்திலோ மனு பதிவு செய்து, கிடைக்கும் எண்ணை விரிதாளில் எழுதுங்கள். தெருவிளக்கு, குழாய் உடைப்பு போன்ற சிறு பழுதுகளுக்கு இந்த வழி பெரும்பாலும் போதும். ‘மனு மீது உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று பதில் வந்து வேலை நடக்காமல் இருந்தால், அந்த இடத்தை நாள் தெரியும்படி படமெடுத்து மறுபடியும் பதிவு செய்யுங்கள்.

ஆவணமே வேண்டும் என்றால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. ‘ஏன் செய்யவில்லை’ என்று காரணம் கேட்காமல், ‘இந்த நாளில் நடந்த கிராம சபையின் தீர்மானப் பதிவேட்டு நகல், இந்தப் பணிக்கான மதிப்பீட்டின் நகல், அளவீட்டுப் புத்தகத்தின் நகல்’ என்று ஆவணங்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். விண்ணப்பம் வேறு அலுவலகத்துக்குப் போய்விட்டாலும், உரியவருக்கு 5 நாட்களுக்குள் மாற்றி அனுப்புமாறு பிரிவு 6(3) கட்டளையிடுகிறது. பதில் 30 நாட்களில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. இந்த நாட்களைக் கைபேசி நாட்காட்டியில் நினைவூட்டலாக இட்டுவைப்பது, உரிமை காலாவதியாகாமல் காக்கும் எளிய வழி. விண்ணப்பத்தை ஒரே ஆள் பெயரில் எப்போதும் போடாதீர்கள். அவர் மேல் மட்டும் பகையும் அழுத்தமும் திரும்பும். சுழற்சி முறையில் வெவ்வேறு பெயர்களில் அனுப்புங்கள்.

வேலை முடிந்தால் அதைக் கொண்டாடவும் வேண்டும். குழாயில் தண்ணீர் வந்த நாளில், அதற்காகத் தீர்மானம் வாசித்தவரின் இசைவோடு அவர் படத்தையும், வேலையை முடித்துத் தந்த அலுவலருக்கும் பணியாளர்களுக்கும் நன்றியையும் குழுவில் இடுங்கள்.

ஒன்பதாம் படி: குழுவையும் மக்களையும் பாதுகாத்தல்

ஆதார் எண், குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றைக் குழுவில் யாரும் இடக் கூடாது. அரசு வீட்டுக்காகவோ ஓய்வூதியத்துக்காகவோ காத்திருப்பவரின் படத்தையும் வறுமையையும் பொதுக் குழுவில் காட்டுவது அவரை அவமதிப்பது. அத்தகைய விவரங்கள் வார்டுப் பொறுப்பாளரின் குறிப்பேட்டோடு நிற்கட்டும். யார் அரசுப் பணத்தில் என்ன வேலை செய்தார் என்பது பொதுச் செய்தி, யார் வீட்டில் என்ன இல்லாமை இருக்கிறது என்பது பொதுச் செய்தி அன்று. இந்த வேறுபாட்டை நிர்வாகிகள் தெளிவாக உணர்ந்திருக்க வேண்டும்.

வதந்தி, சாதிப் பேச்சு, பெண்களை இழித்துப் பேசுதல் ஆகியவற்றுக்கு முதல் முறை எச்சரிக்கை, இரண்டாம் முறை நீக்கம் என்ற விதியைக் குழு விளக்கத்திலேயே எழுதி, யாராக இருந்தாலும் அதை ஒரே மாதிரியாக நடைமுறைப்படுத்துங்கள். தேர்தல் அறிவிக்கப்பட்டதும் விவாதக் குழுக்களை நிர்வாகிகள் மட்டும் எழுதும் நிலைக்கு மாற்றிவிடுவது நல்லது. நிர்வாகிகளில் ஒருவர் வேட்பாளரானால் அவர் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும். மக்கள் நம்பித் தந்த தொலைபேசி எண்கள் ஒரு கட்சியின் பரப்புரைக்குப் போனால், ஊர் அதன் பிறகு இந்த முயற்சியை நம்பாது.

பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிகளில் வாழ்பவர்களும் இதே முறையைப் பின்பற்றலாம். அங்கே வார்டுக் குழுவும், அதன் கீழ்ப் பகுதி சபையும் உண்டு; 2022 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டில் பகுதி சபைகள் முதன்முறையாகக் கூட்டப்பட்டன. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் சங்கக் குழுக்கள் ஏற்கெனவே இயங்குவதால் அழைப்புப் பணி எளிது. வாடகைக்குக் குடியிருப்போரும், அருகில் குடிசைப் பகுதிகளில் வாழ்வோரும் அந்தக் குழுக்களில் இருப்பதில்லை என்பதால், இரண்டாம் படியை அங்கே இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும்.

கடைசியாக ஒப்படைப்பு பற்றிச் சில சொற்கள். தன்னார்வலர்கள் வேலைக்காகவும் திருமணமாகியும் ஊரைவிட்டுப் போவார்கள். ஆகவே விரிதாள், படிவம், தீர்மானப் படங்கள், தகவல் உரிமைப் பதில்கள் ஆகியவற்றை ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் வைக்காமல், குழுவுக்கென்று தொடங்கிய பொது மின்னஞ்சலில் வையுங்கள். அதன் கடவுச்சொல் எப்போதும் இருவருக்குத் தெரிந்திருக்கட்டும். ஒவ்வொரு தீர்மானத்தின் அச்சு நகலையும் ஒரு கோப்பில் சேர்த்து, ஊர் நூலகத்திலோ பள்ளியிலோ யாரும் பார்க்கும்படி வைக்க அனுமதி கேளுங்கள். நவம்பர் 1 கூட்டத்துக்கு அடுத்த ஞாயிறு அன்று நிர்வாகிகளில் பாதிப் பேர் மாறுவது என்று வைத்துக்கொண்டால், புதியவர்கள் பொறுப்பேற்று, விரிதாளில் நிலுவையில் உள்ளவற்றைப் படித்து, ஜனவரி 26 கூட்டத்துக்கான முதல் அறிவிப்பைத் தாங்களே எழுத அவர்களுக்குப் போதிய காலம் கிடைக்கும்.